பட்டா யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 31. கோவில்பட்டியில் வீட்டில் இருந்தபடியே வெப்சைட் செய்து கொடுக்கிறேன். எல்லாம் வேர்ட்பிரஸ் என்கிற மென்பொருளில்தான். ஆறு வருடத்தில் பல் டாக்டர், கடலைமிட்டாய்க் கடை, பாட்டு டீச்சர், ஆடிட்டர், போட்டோகிராபர் என்று 43 பேருக்குச் செய்திருக்கிறேன். பதினைந்தாயிரம் கேட்டால், "வேர்ட்பிரஸ் இலவசம்தானே, எதுக்கு இவ்வளவு?" என்கிறார்கள். மதுரையில் ஒருவர் ஐயாயிரத்துக்கே முடித்துத் தருகிறாராம். டொமைன் (வெப்சைட்டின் முகவரி), ஹோஸ்டிங் (வெப்சைட்டை வைத்திருக்கும் வாடகை இடம்) எல்லாம் என் பெயரில், என் ஈமெயிலில்தான் வைத்திருக்கிறேன், ஒரு பிடி இருக்கட்டும் என்று. அப்படியும் இரண்டு பேர் சண்டை போட்டு விலகிவிட்டார்கள். ராத்திரி போன் வந்தால் என் மனைவி எடுத்து, "வெளியூர் போயிருக்கார்" என்று சொல்லிச் சமாளிக்கிறாள். பத்திர எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பா, "சென்னைக்குப் போய் வேலை தேடு" என்கிறார். தொழிலை விட்டுவிடுவதா? தொடர்ந்தால் ரேட்டை எப்படி ஏற்றுவது?

– பெயர் வேண்டாம், கோவில்பட்டி

பதில்: ரேட்டைப் பற்றி அப்புறம் பேசலாம் தம்பி. "ஒரு பிடி இருக்கட்டும்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

உங்கள் அப்பா பத்திர எழுத்தர். ஒருவர் காலமெல்லாம் சேர்த்த பணத்தில் இரண்டு சென்ட் இடம் வாங்க அவரிடம் வருகிறார். அப்பா பத்திரத்தை அழகாக எழுதி, ரிஜிஸ்டர் ஆபீசில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, இடத்தைத் தன் பெயரிலேயே பதிந்துகொண்டு, "வருடா வருடம் வரி கட்ட என்னிடம் வரவேண்டும் அல்லவா, ஒரு பிடி இருக்கட்டும்" என்று சொல்லியிருந்தால்? ஊர் அவரை என்னவென்று பேசியிருக்கும்? அவர் அப்படிச் செய்யவில்லை. எழுதுகூலியை வாங்கிக்கொண்டு, பத்திரத்தை உரியவர் கையில் கொடுத்து அனுப்பினார். அந்தக் கூலியில்தான் நீங்கள் படித்தீர்கள்.

டொமைனும் இடம் மாதிரிதான். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமைதாரர். பல் டாக்டர் பணம் கொடுத்தார், போர்டிலும் மருந்துச் சீட்டிலும் அந்த முகவரியை அச்சடித்தார், ஆனால் கணக்கில் இருப்பது உங்கள் பெயர். நாளைக்கு அவர் உரிமை கேட்டுப் போனால், டொமைனைப் பதிந்து கொடுத்த நிறுவனம் உங்கள் ஈமெயிலுக்குத்தான் கடிதம் போடும். ஓடிபி உங்கள் போனுக்குத்தான் வரும். 43 குடும்பங்களின் பெயர்ப் பலகையை உங்கள் வீட்டுப் பரணில் ஏற்றிவைத்துவிட்டு, அவர்கள் பேரம் பேசுகிறார்கள் என்று எனக்கு எழுதுகிறீர்கள்.

கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பீர்கள். எங்கள் குடும்பத்தில் நடந்ததிலும் கெட்ட எண்ணம் கிடையாது. என் பெரியப்பா மகன் கல்யாண சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர். ஒரு பையன், நல்ல பையன், வெப்சைட் செய்து கொடுத்தான். டொமைன் அவன் பெயரில். அப்புறம் அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டான். ரெனியூவல் கடிதங்கள் அவன் திறந்தே பார்க்காத பழைய மெயிலில் விழுந்துகொண்டிருந்தன. காலாவதியான டொமைன் அன்றைக்கே பறிபோவதில்லை. டாட்காம் என்றால் பதிவு நிறுவனம் 45 நாள் வரை வைத்திருக்கலாம். அப்புறம் அபராதத்தோடு மீட்க 30 நாள், அதற்கு மேல் 5 நாள். அதுவும் போனால் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். இத்தனை நாளும் அண்ணனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை, ஏனென்றால் பதிவேட்டில் அண்ணன் என்று ஒரு ஆளே இல்லை.

தை மாதம் பிறந்து முகூர்த்தங்கள் தொடங்கும் நேரம். ஒரு பெண்ணின் அப்பா போன் செய்து, "உங்க வெப்சைட்டைத் திறந்தா ரம்மி விளையாட்டு வருதே, என் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க" என்றார். அன்றைக்குச் சாயங்காலம் நான் போனபோது அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து, புதிதாக அடித்து வந்த விசிட்டிங் கார்டு கட்டைப் பிரித்து, ஒவ்வொரு கார்டாக எடுத்து வெப்சைட் முகவரி இருந்த அந்த ஒற்றை வரியைக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் அடித்துக்கொண்டிருந்தார். விரலெல்லாம் மை. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, மை காய்வதற்காகக் கார்டுகளைத் தரையில் பரப்பிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் பேசவே இல்லை. அந்தப் பையன் இன்றைக்கும் தன்னை நல்லவன் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பான். நல்லவன்தான். ஆனால் ஒரு குடும்பத்தின் பெயரை வாங்கி வைத்துக்கொண்டு மறந்துபோனான்.

நீங்கள் பிழைப்பு நடத்துகிற அந்த வேர்ட்பிரஸ் எப்படி வந்தது என்று தெரியுமா? அதற்கு முன்னால் பி2 என்று ஒரு மென்பொருள் இருந்தது. எழுதியவர் ஒரு கட்டத்தில் அதைக் கவனிக்க முடியாமல் விட்டுவிட்டார். நம்பியிருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அவர் அதை ஜிபிஎல் உரிமத்தில் கொடுத்திருந்தார். அந்த உரிமத்தை அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-இல் முதலில் வெளியிட்டார். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம் என்பதுதான் அதன் சாரம். அதனால் அமெரிக்காவில் 19 வயதுப் பையன் மேட் முல்லன்வெக்கும், இங்கிலாந்தில் மைக் லிட்டிலும் அந்த நிரலை எடுத்து வளர்த்து, 2003 மே 27 அன்று வேர்ட்பிரஸ் என்று வெளியிட்டார்கள். இன்றைக்கு உலகத்து வெப்சைட்டுகளில் பத்தில் நான்குக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன.

எழுதியவர் போனாலும் பயன்படுத்துகிறவர் தவிக்கக் கூடாது. இதற்காகத்தான் தம்பி அந்த உரிமமே. உங்களுக்கு எந்தப் பிடியும் வைக்காமல் கொடுத்தார்கள். அதை வாங்கி, கடலைமிட்டாய்க் கடைக்காரருக்கு ஒரு பிடியோடு கொடுத்திருக்கிறீர்கள். சட்டப்படி உங்கள் மேல் குற்றம் இல்லாமல் இருக்கலாம். எனக்கு மனது ஒப்பவில்லை.

சரி, "இலவசம்தானே" என்கிற கேள்விக்கு வருவோம். அவர்கள் கேட்பதில் தப்பில்லை, மென்பொருள் இலவசம்தான். நீங்கள்தான் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லிவிட்டு நிற்கிறீர்கள். கொட்டேஷனில் வரிவரியாக எழுதுங்கள். வேர்ட்பிரஸ்: ரூபாய் 0. வெப்சைட்டுக்கான பாதுகாப்புச் சான்றிதழ், லெட்ஸ் என்கிரிப்ட்: ரூபாய் 0. தமிழ் எழுத்துரு, நோட்டோவோ முக்தா மலரோ: ரூபாய் 0. டொமைன், ஹோஸ்டிங்: அவர் பெயரில் என்ன பில் வருகிறதோ அது, அவரே கட்டட்டும். அதற்குக் கீழே உங்கள் வேலை. டிடிபி கடைக்காரர் வானவில் என்கிற பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்த பக்கங்களை, எந்தப் போனிலும் தெரிகிற யூனிகோடு எழுத்துக்கு மாற்றி, மாறும்போது இடம் தப்பிய கொம்பையும் காலையும் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது. டாக்டர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய இருபது போட்டோவில் நான்கைத் தேர்ந்தெடுத்து, சாதாரண போனிலும் சட்டென்று திறக்கும் அளவுக்குச் சுருக்குவது. நம்பரைத் தொட்டால் கால் போகிறதா, படிவத்தை நிரப்பினால் மெயில் வருகிறதா என்று பார்ப்பது. எத்தனை மணி நேரம், மணிக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். மூன்று பூஜ்யத்தையும் பார்த்தவர், கீழே இருக்கும் தொகை உங்கள் உழைப்புக்கு மட்டும் என்று புரிந்துகொள்வார். அதற்கும் பேரம் பேசுகிறவர் வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். மதுரைக்காரரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

வருடா வருடம் வருமானம் வேண்டும் என்கிற கவலை நியாயமானது. பராமரிப்புக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று வெளிப்படையாக வாங்குங்கள். மாதம் ஒருமுறை வேர்ட்பிரஸ், தோற்றத்துக்கான தீம், கூடுதல் வசதிக்கான பிளக்இன் அப்டேட், வாராவாரம் பேக்கப், அதைக் கிளையன்டின் கூகுள் டிரைவிலும் ஒரு பிரதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த பேக்கப்பை வேறு இடத்தில் ஏற்றி, திறக்கிறதா என்று பாருங்கள். இதை ஒழுங்காகச் செய்கிறவரை விட்டு யாரும் போகமாட்டார்கள். போனால் போகட்டும், அது அவர்கள் உரிமை.

உங்கள் மனைவிக்கும் இதில் ஒன்று இருக்கிறது. அவரைப் பொய் சொல்ல வைக்கிறீர்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் போன் எடுக்கமாட்டேன் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதிவைக்க உங்களால் முடியாதா? வீட்டுக்காரர் சோபாவில் உட்கார்ந்திருக்க, அவர் வெளியூரில் இருக்கிறார் என்று முன்பின் தெரியாத ஆளிடம் சொல்வது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு சங்கடம் என்று யோசித்தீர்களா? என்னைக் கேட்டால், கணவனின் கடனில் பங்கு கொள்ளலாம், பொய்யில் பங்கு கொள்ளத் தேவையில்லை. இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். நாளைக்கு உங்களுக்கு ஒரு விபத்து, பத்து நாள் ஐசியு என்றால், இதே 43 பேரும் அவருக்குத்தான் போன் செய்வார்கள். பாஸ்வேர்டு அவருக்குத் தெரியுமா? கணவனைப் பார்ப்பாரா, ஊராருக்குப் பதில் சொல்வாரா? நீங்கள் வைத்த பிடி கடைசியில் அவர் கழுத்தில்தான் இறுகும்.

மாற்றிக் கொடுப்பது பெரிய வேலை இல்லை. கிளையன்ட் பெயரில், அவருடைய ஈமெயிலில், அதே பதிவு நிறுவனத்தில் ஒரு கணக்குத் திறந்து, டொமைனை அந்தக் கணக்குக்குத் தள்ளுங்கள். பெரும்பாலும் கட்டணம் இருக்காது. உரிமைதாரர் பெயர் மாறிய பிறகு 60 நாள் வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாமல் பூட்டு விழலாம், அதை முன்பே சொல்லிவிடுங்கள். வேர்ட்பிரஸில் அவருக்கு எடிட்டர் லாகின் மட்டும்தான் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முழு அதிகாரம் உள்ள அட்மின் லாகின் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, கையெழுத்து வாங்கி, ஒரு பிரதி அவரிடம் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் அப்பாவைக் கேளுங்கள், ஒப்படைப்புச் சீட்டு எப்படி எழுதுவது என்று அவரைவிட யார் சொல்லிக் கொடுக்க முடியும்? உங்கள் தொழில் என்னவென்று அவருக்குப் புரிய அதுவும் ஒரு வழி.

சென்னைக்குப் போவதா வேண்டாமா என்பதை நீங்களும் உங்கள் மனைவியும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். எப்படி முடிவெடுத்தாலும் 43-ஐயும் ஒப்படைத்த பிறகுதான் அடுத்த வேலை.

முதலில் யாரிடம் போவது? சண்டை போட்டு விலகிய அந்த இரண்டு பேரிடம். அவர்களுடைய டொமைன் இப்போது யாரிடம் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. உங்களிடம்தான் இருக்கும். பாக்கி ஏதாவது இருந்தால் அதைத் தனியாக, இன்னொரு நாள் கேளுங்கள். போனில் சொல்லாமல் இந்த ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். அவர்களுடைய ஈமெயில் பாஸ்வேர்டு அவர்களுக்கே நினைவிருக்காது. காபி கொடுத்தால் குடித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து முதலில் அதை மீட்டுக் கொடுங்கள்.