மருத்துவமனை சாப்ளின் வேலைக்கு ஒரு பயோடேட்டா

அன்புள்ள ஆசிரியருக்கு,

செராம்பூர் செனட்டின் பி.டி. என்ற இறையியல் பட்டப்படிப்பு முடித்து மூன்று வருடமாக ஒரு சேகரத்தில் (ஒரு ஆயரின் பொறுப்பில் உள்ள சபைப் பகுதியில்) உதவி ஊழியராக இருக்கிறேன். ஆயராக்கும் குருப்பட்டம் இன்னும் ஆகவில்லை. மிஷன் மருத்துவமனை ஒன்றில் சாப்ளின் (நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் ஆன்மீகத் துணையாக இருப்பவர்) வேலைக்கு ஐந்து பக்க பயோடேட்டா அனுப்பினேன். பதிலே இல்லை. அதை இணைத்திருக்கிறேன். என்ன தவறு?
எஸ்., நாசரேத்

அன்புள்ள எஸ்.,

முதலில் பெயர். ‘அருட்திரு’ என்று போட்டிருக்கிறீர்கள். பட்டம் ஆகாதவர் அதைப் போட்டுக்கொண்டால் அதற்குக் கீழே எழுதியிருக்கும் எதையும் யாரும் நம்பமாட்டார்கள். வெறும் பெயர் போதும். அடுத்த வரியில் ‘பி.டி. முடித்தவர், குருப்பட்டம் பெறவில்லை’ என்று நேராகச் சொல்லிவிடுங்கள். திருவிருந்து (நற்கருணை) நடத்த வேறு ஆயரை அழைக்க வேண்டியிருக்குமா என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரியவேண்டும். (பணம் கட்டி வாங்கும் கௌரவ டாக்டர் பட்டம் பக்கமே போய்விடாதீர்கள்.)

சேகரத்தில் தேர்வு வேறு மாதிரி. சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபையில்) சேகரத்தின் பரிந்துரை, திருமண்டலத் (மறைமாவட்ட) தேர்வு, பேராயரின் நியமனம் என்று போகும். அங்கே பயோடேட்டாவுக்குப் பெரிய வேலை இல்லை. மருத்துவமனையில் உங்கள் தாளைப் படிப்பது மருத்துவக் கண்காணிப்பாளரும் நர்சிங் சூப்பரின்டெண்டும். படுக்கையில் இருப்பவர்களில் பலர் இந்துக்கள், முஸ்லிம்கள். ‘நோயாளிகள் மத்தியில் ஆத்தும ஆதாயம் செய்ய வாஞ்சை’ என்ற உங்கள் வரியைப் படித்ததும் கண்காணிப்பாளருக்கு நினைவுக்கு வருவது மதமாற்றப் புகார்தான்.

அவர்கள் தேடுவது வேறு. கேட்டால் மட்டும் ஜெபிப்பாரா, ரகசியம் காப்பாரா, இரவு இரண்டு மணிக்கு ஐ.சி.யு.விலிருந்து கூப்பிட்டால் வருவாரா, மரணச் செய்தி கேட்ட குடும்பத்தோடு பேசாமல் உட்கார்ந்திருக்கத் தெரியுமா. இதைக் காட்டும் வேலை உங்களிடம் இருக்கிறது. ஆனால் மூன்றாம் பக்கத்தில் இப்படிப் புதைந்து கிடக்கிறது:

‘வியாதியஸ்தர்களைச் சந்தித்து ஆண்டவருக்குள் ஆறுதல்படுத்தப் பயன்படுத்தப்பட்டேன்.’

இதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து இப்படி எழுதலாம். எண்கள் என் உதாரணம். உங்கள் டைரியைப் பார்த்து உங்களுடையதை நிரப்புங்கள்:

‘2022 ஜூன் முதல்: 140 குடும்பங்கள் உள்ள சேகரம். வாரம் 8 வீடு, 2 மருத்துவமனைச் சந்திப்பு. வருடத்தில் சுமார் 12 அடக்க ஆராதனை. துக்க வீட்டுக்கு ஒரு மாதம் கழித்து மீண்டும் ஒருமுறை.’

எண்ணைக் கூட்டிச் சொல்லாதீர்கள். நேர்காணலில் ‘வாரம் எட்டு வீடா? போன வாரம் எங்கெல்லாம் போனீர்கள்?’ என்று ஒரு கேள்வி போதும்.

சி.பி.இ. என்கிற மருத்துவமனைக் களப்பயிற்சி எடுத்திருந்தால் இடம், மாதங்கள், மொத்த மணிநேரம் மூன்றும் வேண்டும். எடுக்கவில்லை என்றால் சேரத் தயார் என்று ஒரு வரி எழுதுங்கள். இந்த வேலைக்கு அந்தப் பயிற்சி பி.டி. மதிப்பெண்ணைவிடப் பெரிது.

சாட்சியை (உங்கள் விசுவாச அனுபவத்தை) ஆறு வரியில் முடியுங்கள், இரண்டாம் பக்கக் கடைசியில். மொத்தமே இரண்டு பக்கம்தான். மனைவி பாடுவார், ஞாயிறு பள்ளி நடத்துவார் என்ற பத்தியை எடுத்துவிடுங்கள். ஒரு சம்பளத்துக்கு இரண்டு பேரை ஏலம் விடுகிற மாதிரி இருக்கிறது.

பரிந்துரைக்கு மூன்று பேர்: இப்போதைய ஆயர், இறையியல் கல்லூரி ஆசிரியர் ஒருவர், உறவினர் அல்லாத சபையார் ஒருவர். நீங்கள் போட்ட மூவரில் இருவர் ஒரே குடும்பப் பெயர். போன் எண் கொடுப்பதற்கு முன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள். எதிர்பாராமல் அழைப்பு வந்தால் ‘யாரு, எஸ்ஸா?’ என்று இழுப்பார்கள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் அனுப்பியது பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த வேர்டு ஃபைல். என் கணினியில் முதல் பக்கம் முழுக்க ‘¬ñ£ø’ மாதிரி குறிகளாகத்தான் திறந்தது. அவர்களுக்கும் அப்படியே திறந்திருக்கலாம். யூனிகோடில் அடித்து, பி.டி.எஃப். ஆக்கி, முதலில் நண்பர் ஒருவரின் போனுக்கு அனுப்பித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.