மெல்லக் கரையும் ஆக்சிஜனேற்றிக் குச்சிகள்: வாங்குவதற்கு முன் மண்ணைச் சோதியுங்கள்

கேள்வி: எங்கள் தொழிற்கூடத்தின் நிலத்தடி நீரில், உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் பயன்பட்ட டிரைகுளோரோஎத்திலீன் கலந்திருக்கிறது. பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலை இருமுறை செலுத்தினோம். அளவு நன்றாகக் குறைந்து, சில மாதங்களில் மீண்டும் ஏறிவிட்டது. மக்கும் பாலிமரில் பெர்மாங்கனேட்டைப் பொதிந்த குச்சிகளைக் கிணறுகளில் இறக்கினால் இது தீருமா?

பதில்: தீரலாம், ஆனால் அதை முடிவு செய்வது குச்சியைவிட உங்கள் மண்தான்.

அளவு மீண்டும் ஏறியதற்குக் காரணம் பெர்மாங்கனேட்டின் பலவீனம் அன்று. லிட்டருக்கு 50 மில்லிகிராம் பெர்மாங்கனேட் இருந்தாலே, அறை வெப்பநிலையில் நீரிலுள்ள டிரைகுளோரோஎத்திலீனில் பாதி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சிதைந்துவிடும். ஆனால் ஆண்டுக்கணக்கில் களிமண் அடுக்குகளுக்குள் ஊறிப்போன மாசு, மணல் அடுக்கில் ஓடும் நீர் சுத்தமானதும் அதை நோக்கி மெல்லக் கசிந்து வெளிவருகிறது. அப்போது நீங்கள் செலுத்திய கரைசல் தீர்ந்தோ, நீரோட்டத்தோடு போயோ இருக்கும். மாசு கசியும் காலம் முழுவதும் அதைச் சிதைக்கும் ஆக்சிஜனேற்றியான பெர்மாங்கனேட்டும் அங்கேயே இருந்தாக வேண்டும் என்பதுதான் குச்சிகளுக்குப் பின்னுள்ள எளிய நியாயம்.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிராம் டிரைகுளோரோஎத்திலீனை முழுதாகச் சிதைக்கச் சுமார் 2.4 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட் போதும். ஒரு கன மீட்டர் நிலத்தில் 300 லிட்டர் நீரும், அதில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் மாசும் இருந்தால், நீரில் கரைந்துள்ள அந்தப் பங்குக்கான தேவை ஒரு கிராமைக்கூட எட்டாது. அதே கன மீட்டரில் உள்ள ஏறத்தாழ 1,800 கிலோ மண், தன்னிடமுள்ள மட்கிய கரிமப் பொருளாலும் இரும்பு, சல்ஃபைடு போன்றவற்றாலும் கிலோவுக்கு ஒரு கிராம் வீதம் பெர்மாங்கனேட்டை விழுங்கினால், தேவை 1.8 கிலோவாகிவிடும். அதாவது பெர்மாங்கனேட் மருந்தின் பெரும்பகுதி மாசுக்கு அன்று, மண்ணுக்குப் போகிறது. ஆகவே உங்கள் மண் மாதிரியில் இந்த இயற்கைத் தேவையை அளந்து தராத விற்பனையாளரிடம் விலை பேசுவதில் பொருளில்லை.

மருந்து வெளியேறும் வேகமும் சீரானதன்று. மேற்பரப்பிலுள்ள மருந்து முதலில் கரைய, அடுத்தது இன்னும் ஆழத்திலிருந்து நுண்துளைகள் வழியே வர வேண்டியிருப்பதால், தொடக்கத்தில் வேகமாகவும் பின்னர் வரவரக் குறைந்தும் வெளியேறும். போதாக்குறைக்கு, வினையில் உண்டாகும் மாங்கனீசு டைஆக்சைடு பழுப்பு ஓடாகக் குச்சியின் மேல் படிந்து வழியை அடைக்கும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பழைய குப்பைக் கிடங்கு ஒன்றில் பாரஃபின் மெழுகுக் குச்சிகளைப் பயன்படுத்தியபோது இதுவே பெரிய தொல்லையாக இருந்தது; படிவைத் தடுக்கப் பின்னர் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட்டைக் கலந்தார்கள். மெதுவான நிலத்தடி ஓட்டத்தில் மருந்து பக்கவாட்டில் அதிகம் பரவாது என்பதால், குச்சிகளுக்கு இடையே அகலமான இடைவெளி விட்டால் மாசு அதன் வழியே நழுவிவிடும்.

‘மக்கும்’ என்ற சொல்லில் மயங்க வேண்டாம். பாரஃபின் குச்சி தேய்ந்தபின் அதன் எலும்புக்கூட்டை வெளியே எடுக்க வேண்டும். பாலிகாப்ரோலாக்டோன் என்ற மக்கும் பாலிமர் காலப்போக்கில் சிதைந்து போகும், இது உண்மையான வசதி. ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் உருகுவதால் மருந்தைக் கலப்பதற்கும் அது ஏற்றது. 150 டிகிரிக்கு மேல் உருகும் பாலிலாக்டிக் அமிலம் என்ற மற்றொரு மக்கும் பாலிமரை வலுவான ஆக்சிஜனேற்றியுடன் சேர்த்து உருக்குவது தீ விபத்தை வரவழைப்பதாகும். (நீங்களே செய்து பார்க்க நினைத்திருந்தால் இந்த வரியை மீண்டும் ஒருமுறை படியுங்கள்.) ஆனால் எந்தக் கரிமப் பாலிமரும் மருந்தில் ஒரு பங்கைத் தானே தின்றுவிடக்கூடும் என்பதால், குச்சியின் மொத்த எடையைப் பாராமல், அதிலிருந்து உண்மையில் வெளியேறும் பெர்மாங்கனேட்டின் அளவைக் காட்டும் சோதனை வரைபடத்தைக் கேளுங்கள்.

மாசு வேறானால் மருந்தும் மாறும். பென்சீனிடம் பெர்மாங்கனேட் மிகவும் மந்தம். அங்கே பெர்சல்ஃபேட் என்ற வேறோர் ஆக்சிஜனேற்றி பொருந்தும். அதை இரும்பு, வெப்பம், காரம் போன்ற ஒன்றால் தூண்ட வேண்டும், நீரில் சல்ஃபேட்டும் அமிலத்தன்மையும் கூடுவதைத் தாங்கவும் வேண்டும்.

உங்கள் இடத்தில், ஓட்டத்துக்குக் குறுக்கே ஒரு வரிசையில் மட்டும் முதலில் இறக்கிப் பாருங்கள். அந்தக் கிணறுகளின் நீரைக் குடிநீராக எடுக்கக் கூடாது. கீழ்த்திசைக் கண்காணிப்புக் கிணறுகளில் மாசோடு குளோரைடு, மாங்கனீசு ஆகியவற்றையும், தவறாமல் ஆறு இணைதிறன் குரோமியத்தையும் அளந்து வாருங்கள். மண்ணில் தீங்கின்றிக் கிடக்கும் குரோமியத்தைப் பெர்மாங்கனேட் அந்த நச்சு வடிவத்துக்கு மாற்றக்கூடும். மாதிரியில் ஊதா நிறம் எஞ்சியிருந்தால் குப்பியிலேயே வினை தொடர்ந்து மாசு குறைவாகத் தெரியும் என்பதால், எடுத்தவுடன் தயோசல்ஃபேட் போன்ற ஒன்றால் அதை முறிக்கும்படி ஆய்வகத்தாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.