அப்பப்பா போன கப்பல்: யுத்தகாலக் கடலோடிகளின் பதிவுகளைத் தேடுவோருக்கு

என் அப்பப்பா இரண்டாம் உலக யுத்தகாலத்தில் பிரிட்டிஷ் சரக்குக் கப்பலில் வேலை செய்தவர். லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் பெயரைப் போட்டால் ஒன்றும் வரவில்லை. அவருடைய சிடிசி புத்தகம் (கடலோடியின் வேலைப் பதிவுப் புத்தகம்) மட்டும் இருக்கிறது. (உவர்மலை)

புத்தகம் இருக்கிறதென்றால் பாதி வேலை முடிந்தது. பெயரை விடுங்கள், கப்பலைப் பிடியுங்கள். நம்மவர் பெயர்களை எழுத்தர்மார் காதில் விழுந்தபடி எழுதினார்கள். தகப்பன் பெயர் முன்னுக்கு, சொந்தப் பெயர் பின்னுக்கு என்று மாறியும் கிடக்கும்.

சிடிசியில் ஒவ்வொரு வரியிலும் கப்பலின் பெயர், அதிகாரபூர்வ இலக்கம், ஏறிய திகதியும் இடமும், இறங்கிய திகதியும் இடமும், அவருடைய வேலை (சுக்காணி, பண்டாரி, கிரீசர் என்று ஏதோ ஒன்று) இருக்கும். ஓரத்தில் 'வெரி குட்' முத்திரை. பயணம் எங்கே என்ற இடத்தில் 'ஃபாரின்' என்று மட்டும் இருந்தால் குழம்பவேண்டாம், அப்படித்தான் எழுதினார்கள். இறங்கிய இடம் 'அற் சீ' (கடலில்) என்றிருந்தால் கவனியுங்கள். கப்பல் தாழ்ந்துபோனதற்கான அடையாளமாக அது இருக்கலாம்.

அந்தக் கப்பல் இலக்கத்தை வைத்துக்கொண்டு கியூ காப்பகத்தின் பி.டி. 381 வரிசையைப் பாருங்கள் ('பி.டி.' என்பது பிரிட்டிஷ் வர்த்தக வாரியப் பதிவுகளுக்கான குறியீடு). 1939 முதல் 1945 வரையான மாலுமிப் பட்டியல்கள் கப்பல் இலக்கப்படி அதில்தான் அடுக்கப்பட்டுள்ளன. வயது, பிறந்த ஊர், முன்பு வேலை செய்த கப்பல் எல்லாம் பட்டியலில் பதிவதுண்டு. அந்த 'முன்பு வேலை செய்த கப்பல்' பத்திதான் தங்கம். அதைப் பிடித்து ஒவ்வொரு கப்பலாகப் பின்னோக்கிப் போகலாம். கப்பல் எந்தத் துறைமுகத்தில் எப்போது நின்றது என்பது பி.டி. 389 அட்டைகளில். இலக்கம் அழிந்திருந்தால் அந்தக் காலத்து லொயிட்ஸ் ரெஜிஸ்டர் என்ற கப்பல் பதிவேட்டில் கப்பல் பெயரைப் பாருங்கள். 1930–1945 பதிப்புகள் இணையத்தில் உள்ளன.

வீட்டிலிருக்கும் பதக்கத்தில் பெயர் பொறிக்கப்படவில்லை. போலியா? (நிலாவெளி)

இல்லை. பிரிட்டிஷ் வணிகக் கப்பலாளருக்கு இரண்டாம் உலகப்போர்ப் பதக்கங்கள் பெயரில்லாமல்தான் வந்தன. பதக்கங்களுக்குத் தாங்களாகவே விண்ணப்பிக்கவேண்டும், விண்ணப்பித்தவர்களே பி.டி. 395இல் இருக்கிறார்கள். அங்கே பெயர் இல்லை என்பதற்காக அவர் கடலுக்குப் போகவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

அம்மாவின் மாமா கப்பலில் இறந்தாராம். நிலாவெளி வீதி யுத்த மயானத்தில் பெயர் இல்லை. (பாலையூற்று)

எப்படி இறந்தார் என்று முதலில் கேட்டுப் பாருங்கள். வணிகக் கப்பலாளரைப் பொறுத்தவரை எதிரியின் தாக்குதலில் இறந்தவர்களைத்தான் கொமன்வெல்த் யுத்தக் கல்லறை ஆணைக்குழு பதிகிறது. காய்ச்சலிலோ விபத்திலோ போனவர் அதில் வரமாட்டார், பி.டி. 334 மரணப் பதிவேட்டைப் பார்க்கவேண்டும். தாக்குதலில் இறந்து, உடல் கடலோடு போயிருந்தால் கல்லறை இராது, நினைவுச்சின்னத்தில் பெயர் இருக்கும்: பிரிட்டிஷ் வணிகக் கப்பலாளருக்கு லண்டன் டவர் ஹில், இந்தியக் கப்பலாளருக்குப் பம்பாய்–சிட்டகொங் நினைவேடு. ஆணைக்குழுவின் தளத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகத் தேடலாம். குடும்பப் பெயர் பெட்டியில் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிப் போடுங்கள்.

தாத்தா டொக்யாட்டில் வேலை செய்தவர். அவரும் வணிகக் கப்பலாளர் கணக்கில் வருவாரா? (சீனக்குடா)

வரமாட்டார். அது கடற்படைத் தளத்தின் கரை வேலை.

'சகாயிங்' கப்பலில் இருந்ததாக அப்பு சொல்வார். உண்மையா என்று எப்படிப் பார்ப்பது? (திருமலை நகர்)

நம்முடைய திருகோணமலைத் துறைமுகக் கதையாச்சே! 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டுபோட்டு அது தீப்பற்றியது. பிறகு மூழ்கடித்து இறங்குதுறையாக்கினார்கள். 2018இல் நமது கடற்படை மேலே கொண்டுவந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆனால் ஒரு சந்தேகம்: இறங்குதுறையான பிறகு அதில் ஏறி வேலை செய்தவர்களும் 'சகாயிங்கில் இருந்தேன்' என்றுதான் சொல்வார்கள். 1942ஆம் ஆண்டு மாலுமிப் பட்டியலில் பெயர் இருந்தால் அவர் மாலுமி. சிடிசி இருந்தால் ஏப்ரல் 9ஐ ஒட்டி அவர் இறங்கிய திகதி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள், பட்டியலுக்குக் காசு கட்டுவதற்கு முன்னால்.