அணைக்கரையில பொந்தா? சிமென்ட் மூட்டைய இறக்காதீங்க

கேள்வி: எங்க நிலத்துக்கு மேல ஒரு சின்ன மண் அணை. வெளிச்சரிவுல ஏழெட்டு பொந்து இருக்கு, ஒன்னுல ஆள் தலையே நுழையும். முள்ளம்பன்றியா இருக்கும்னு நினைக்கிறோம். கான்ட்ராக்டர் காங்கிரீட் ஊத்தி அடைச்சிடலாம்ங்கிறார். அதைச் சாகடிக்காம சரிபண்ண முடியுமா?

பதில்: முடியும். ஆனா முதல்ல அந்த கான்ட்ராக்டருக்கு போன் போட்டு நிறுத்தச் சொல்லுங்க. மண்ணு நனைஞ்சா ஊதும், காஞ்சா சுருங்கும், காங்கிரீட் அப்படி அசையாது, அதனால கொஞ்ச நாள்ல ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி விழுந்து தண்ணி அந்த வழியாவே வர ஆரம்பிச்சிடும். நான் பார்த்த ஒரு கரையில இப்படி ஊத்தின காங்கிரீட்ட ஒட்டி ஸ்க்ரூடிரைவர் பிடி வரைக்கும் உள்ள போச்சு. மூட்டைக் கணக்குல காசு வாங்குறவருக்கு பொந்து எவ்வளவு ஆழமோ அவ்வளவு சந்தோஷம், அவ்வளவுதான்.

அதுக்காக சும்மாவும் விட முடியாது. கரைக்குள்ள தண்ணி ஊர்ந்து வர வேண்டிய தூரத்த பொந்து குறைச்சிடுது, வர்ற தண்ணி மண்ணையும் இழுத்துட்டு வந்துடும். இத்தாலில மோடெனா பக்கம் செக்கியா ஆத்தங்கரை 2014 ஜனவரில உடைஞ்சுது, ஆராய்ஞ்சவங்க கை காட்டினது விலங்கு வளையைத்தான்.

இப்ப உங்க பொந்துக்கு வருவோம். சாயங்காலம் எல்லா வாய்லயும் காஞ்ச இலைய லேசா வச்சு, முன்னாடி கொஞ்சம் மாவு தூவிட்டு வாங்க. நாலஞ்சு நாள் இலை கலையல, தடமும் இல்லைன்னா அது காலி வீடு. தடம் இருந்தா, வெளிய மட்டும் திறக்கிற தட்டிக் கதவு மாட்டி ரெண்டு மூணு வாரம் விடணும், போனது திரும்ப வராது. குட்டி போட்டிருக்கிற நேரத்துல இதைச் செய்யவே செய்யாதீங்க, தாய் வெளிய நிக்கும், குட்டி உள்ள செத்துப் போகும்.

காலியாகி, உள்ள ஈரமும் இல்லைன்னா, சின்ன பொந்துக்கு ஒன்பது பங்கு மண்ணு, ஒரு பங்கு சிமென்ட், தண்ணி விட்டு கூழ் மாதிரி கரைங்க. வாய்மேல ஒரு குழாய நட்டமா நிறுத்தி, சுத்தி மண்ணப் பூசி, குழாய் நிறையுற வரைக்கும் ஊத்துங்க, குழாய் உயரம்தான் கூழ உள்ள தள்ளும். மேல மண்ணு போட்டு இடிச்சு புல்லு வச்சிடுங்க. தலை நுழையுற பொந்து இதுக்கு அடங்காது. தண்ணிய இறக்கிட்டு, தோண்டி, அரையடி அரையடியா மண்ணு போட்டு கெட்டிக்கணும், இன்ஜினியர் இல்லாம சரிவுல கடப்பாரையே வைக்காதீங்க.

விஷ மாத்திரை போட்டு புகை விடுறேன்னு வர்றவங்கள வாசலோட அனுப்பிடுங்க. பாம்பு, ஆமைன்னு உள்ள இருக்கிறதெல்லாம் சாகும், போடுற ஆளோட உயிருக்கும் ஆபத்து, பொந்து மட்டும் அப்படியே இருக்கும். கூண்டு வச்சு பிடிச்சுட்டுப் போறேன்னு சொல்றவரும் அதே ரகம், காலியான இடத்துக்கு அடுத்தது குடிவரும்.

அனுமதி வாங்கணுமான்னா, ஆமா, பாதுகாக்கப்பட்ட விலங்கா இருந்தா வாங்கியே ஆகணும். அணைய பார்க்கிற ஆபீஸ் விலங்கு எங்க வேலை இல்லம்பாங்க, விலங்கு ஆபீஸ் கரை எங்க வேலை இல்லம்பாங்க, நடுவுல பொந்து பெருசாகிட்டே இருக்கும். ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல, போட்டோவோட, எழுத்துல குடுங்க.

ஒரே ஒரு விஷயத்துல இந்தப் பொறுமையெல்லாம் கூடாது. பொந்துல இருந்து தண்ணி வந்துச்சுன்னா ஒரு கண்ணாடி டம்ளர்ல பிடிச்சு பாருங்க. தெளிவா இருந்தாலும் அன்னைக்கே இன்ஜினியரக் கூப்பிடணும், கலங்கலா இருந்தா கரை உள்ளுக்குள்ள கரையுதுன்னு அர்த்தம், இலை, மாவு, மூணு வாரம் எதுவும் கிடையாது, கீழ இருக்கிற ஆளுங்கள முதல்ல கிளப்புங்க. அப்பவும் வாய அடைக்காதீங்க, திரும்பச் சொல்றேன், அடைக்காதீங்க, அடைச்சா தண்ணி பக்கத்துல வேற வழி பிச்சுக்கும். மேல மணல், அதுமேல ஜல்லி, அதுமேல கல்லுன்னு போட்டா தண்ணி வரும், மண்ணு வராது. அணைத் தண்ணிய இறக்கணும், அதுக்குன்னு ஒரே ராத்திரில இறக்கினா உள்சரிவு சரிஞ்சிடும், எவ்வளவு வேகம்னு இன்ஜினியர்தான் சொல்லணும்.

சரிபண்ணின பிறகு புதரையெல்லாம் எடுத்துட்டு புல்ல கட்டையா வெட்டி வைங்க. மறைவு இல்லாத இடத்துல பெரும்பாலும் வளை தோண்டாது, தோண்டினாலும் அடுத்த நாளே உங்க கண்ணுல படும்.