மாத்திரை போட்டாச்சு, அப்புறம் பத்தியம் எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 52. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் 500 மி.கி. காலையும் இரவும், கிளிமிபிரைடு 1 மி.கி. காலையில் மட்டும் போடுகிறேன். இரவில் எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் காலை வெறும் வயிற்றில் 150-க்குக் கீழே இறங்குவதில்லை. விருந்தில் இனிப்பு சாப்பிட்டால் அன்று கிளிமிபிரைடு அரை மாத்திரை கூடுதலாகப் போட்டுக்கொள்வேன். அவசரமான நாட்களில் காலை உணவை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் போட்டால், பதினொரு மணி வாக்கில் வியர்த்துப் படபடவென்று வருகிறது. மாத்திரை போடுபவருக்குப் பத்தியம் அவசியமா? பத்தியம் ஒழுங்காக இருந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: முதலில் அந்தப் பதினொரு மணிப் படபடப்பைப் பார்ப்போம். நீங்கள் கேட்டதிலேயே ஆபத்தானது அதுதான். அது பெரும்பாலும் தாழ்சர்க்கரை, காரணம் கிளிமிபிரைடு.

கணையத்தின் பீட்டா செல்கள், ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போதுதான் இன்சுலினைத் தாராளமாகச் சுரக்கும். அந்தச் செல்லின் சுவரில் பொட்டாசியம் வெளியேறும் வாசல்கள் உண்டு. சர்க்கரை ஏறினால் அவை மூடிக்கொள்ளும், மூடியதும் இன்சுலின் வெளியே வரும். கிளிமிபிரைடு நேராகப் போய் அந்த வாசல்களை மூடிவிடுகிறது. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அதற்குத் தெரியாது. இந்த வகை மருந்தின் கதையே தாழ்சர்க்கரையில்தான் தொடங்குகிறது: 1942-ல் பிரான்சின் மோன்பெலியே நகரில் டைஃபாய்டு நோயாளிகளுக்கு ஒரு சல்ஃபா மருந்தைக் கொடுத்தபோது அவர்களுடைய சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியதை மார்செல் ஜான்போன் என்ற மருத்துவர் கவனித்தார். அந்தக் கவனிப்பிலிருந்து வந்த குடும்பம்தான் கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு எல்லாம்.

ஆகவே காலை உணவு இல்லை என்றால் அந்த வேளை கிளிமிபிரைடும் இல்லை. இதை உங்கள் மருத்துவரிடமும் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். படபடப்பு வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், அல்லது பார்க்க வழியில்லை என்றால், 15 கிராம் குளுக்கோஸையோ சர்க்கரையையோ தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். மூன்று டீஸ்பூன் போதும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் ஒரு வேளை உணவைச் சாப்பிட்டுவிடுங்கள், ஏனென்றால் மாத்திரையின் வேகம் இன்னும் உடலில் இருக்கும், சர்க்கரை மறுபடி இறங்கலாம். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்தும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

இதோடு சேர்த்து, அகார்போஸ் அல்லது வோக்லிபோஸ் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அவை குடலில் மாவுச்சத்தும் சர்க்கரையும் உடைவதைத் தடுத்துவைக்கும். அதனால் தாழ்சர்க்கரை வந்தால் சாதாரணச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது. அவர்கள் கையில் குளுக்கோஸ் பவுடர்தான் இருக்க வேண்டும்.

அடுத்து அந்தக் கூடுதல் அரை மாத்திரை. தயவுசெய்து இதை நிறுத்திவிடுங்கள். இனிப்பு சாப்பிட்டால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரை உச்சத்துக்குப் போய்விடும். கிளிமிபிரைடு ரத்தத்தில் உச்சத்துக்கு வரவே இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதன் வேலை கிட்டத்தட்ட நாள் முழுக்க நீடிக்கும். இனிப்பு கரைந்து போன பிறகு, சில சமயம் நீங்கள் தூங்கும்போது, அந்த அரை மாத்திரை சர்க்கரையை இறக்கிக்கொண்டிருக்கும். இனிப்பு சாப்பிட்டே ஆக வேண்டிய நாளில் அதே வேளையில் மற்ற மாவுச்சத்தைக் குறையுங்கள், சாப்பிட்டதும் ஒரு கால் மணி நேரமாவது நடங்கள். வேலை செய்யும் தசை இன்சுலினுக்குக் காத்திராமலேயே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

சரி, இரவில் குறைத்துச் சாப்பிட்டும் காலையில் ஏன் 150? அந்தச் சர்க்கரையில் பெரும்பகுதி தட்டிலிருந்து வந்ததே இல்லை, உங்கள் கல்லீரல் தயாரித்தது. நாம் தூங்கும்போது மூளைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் வேண்டிய சர்க்கரையைக் கல்லீரல்தான் ரத்தத்தில் விடுகிறது. போதும் என்று அதை நிறுத்திவைப்பது இன்சுலின். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில், முக்கியமாகக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருந்தால், அது இன்சுலின் பேச்சைக் கேட்பதில்லை. மெட்ஃபார்மின் முக்கியமாக வேலை செய்யும் இடம் இதுதான். அதன் முழுப் பலன் தெரியச் சில நாட்கள், சில வாரங்கள்கூட ஆகும். தனியாகப் போட்டால் பொதுவாகத் தாழ்சர்க்கரை வராது. நீங்கள் போடுவது ஒரு நாளைக்கு 1000 மி.கி.; சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு 2000 வரை கொடுப்பது வழக்கம். கூட்டலாமா என்று மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் இரவில் பட்டினி கிடப்பதால் கல்லீரல் அடங்காது. எடை குறைந்து, அதிலுள்ள கொழுப்பு கரைந்தால்தான் அடங்கும்.

இங்கேதான் பத்தியம் வருகிறது. மெட்ஃபார்மின் மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி-யை ஏறத்தாழ 1 முதல் 1.5 சதவீதப் புள்ளி வரை குறைக்கும். மேலே சேர்க்கும் ஒவ்வொரு மாத்திரைக்கும் அதற்கென்று ஒரு எல்லை உண்டு. தட்டில் மாவுச்சத்து அளவுக்கு மீறினால் அந்த எல்லை அங்கேயே செலவாகிவிடும். காபியில் சர்க்கரையை விட்டுவிட்டேன் என்று சொல்லும் பலருடைய தட்டில் முக்கால்வாசி தானியமாக இருப்பதைப் பார்க்கிறேன். பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு பருப்போ முட்டையோ மீனோ, மீதிக் கால்தான் தானியம் என்று மாற்றுங்கள். காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டால், அதே உணவிலேயே சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை குறைவாக ஏறும். கிளிமிபிரைடு போடும் உங்களுக்கு இன்னொன்றும் முக்கியம்: நேரமும் அளவும் தினமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

எல்லா மாத்திரைக்கும் ஒரே பத்தியம் பொருந்தாது. சிட்டாகிளிப்டின் வகை, சர்க்கரை ஏறும்போது மட்டும் இன்சுலினைக் கூட்டுவதால் ஒரு வேளை உணவு தவறினாலும் பெரிதாகப் பயமில்லை. டாபாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. அதைப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், மாவுச்சத்தை அடியோடு விடுவதும் ஆபத்து. மீட்டரில் சர்க்கரை சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடக்கூடும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடைசியாக, நிறுத்தலாமா? சிலரால் முடியும். பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வின் முடிவு 2017-ல் வெளியானது. நோய் வந்து ஆறு வருடத்துக்கு உட்பட்டவர்களை மருத்துவக் கண்காணிப்பில், மூன்று முதல் ஐந்து மாதம், ஒரு நாளைக்கு 800 கலோரி சொச்சத்தில் வைத்தார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலேயே சர்க்கரை நோய் அளவுக்குக் கீழே இருந்தார்கள். 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் இது இன்னும் அதிகம். நீங்கள் அந்த ஆறு வருட விளிம்பில் இருக்கிறீர்கள், ஆகவே முயன்று பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் உணவை வெகுவாகக் குறைக்கும் முன்பே கிளிமிபிரைடைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கும். பழைய அளவிலேயே போட்டால் பதினொரு மணிப் படபடப்பு தினமும் வரும். அதனால் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

போகும்போது ஒரு வாரத்துக்கு காலை வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்த அளவுகளை எழுதி எடுத்துப் போங்கள். படபடப்பு வந்த நாட்களையும் குறியுங்கள். ஆறு வருடமாக மெட்ஃபார்மின் போடுவதால் வைட்டமின் பி12 அளவையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.