கால் எட்டுமா? உயரம் குறைந்தவர்களின் டூரிங் பைக் கேள்விகள்

டூரிங் பைக், அதாவது நெடுந்தூரப் பயணத்துக்கான பைக் பற்றி எனக்கு வருகிற கேள்விகளில் பாதிக்குப் பாதி ஒரே கேள்விதான்: "எனக்கு உயரம் கம்மி, பெரிய வண்டி எடுக்கலாமா?" நானே 5 அடி 3 அங்குலம்தான். இருபது வருஷமாகப் பெரிய வண்டிகள் ஓட்டுகிறேன், மற்றவர்களுக்கு ஓட்டக் கற்றும் கொடுக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் இந்தப் பதில்கள்.

மூன்று வருஷமாக ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350 ஓட்டுகிறேன். உயரம் 5 அடி 3. அடுத்து அதே கம்பெனியின் ஹிமாலயன் 450 வாங்க ஆசை. நண்பருடைய வண்டியில் உட்கார்ந்து பார்த்தேன், இரண்டு பக்கமும் விரல் நுனிதான் பட்டது. "உனக்கு இது செட் ஆகாது" என்கிறார்கள். விட்டுவிடவா? - சேலம் வாசகர்

விட வேண்டாம். முதலில் இரண்டு வண்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மீட்டியாரின் சீட் உயரம் 765 மி.மீ., ஹிமாலயன் 450-க்கு 825. ஆறு சென்டிமீட்டர் வித்தியாசம். எடை? மீட்டியார் 191 கிலோ, ஹிமாலயன் 196. ஐந்து கிலோதான் கூடுதல். அதாவது இந்த எடையை நீங்கள் மூன்று வருஷமாகத் தள்ளி, திருப்பி, நிறுத்திப் பழகியிருக்கிறீர்கள். மாறப்போவது எடை இருக்கும் இடம். ஹிமாலயனில் 17 லிட்டர் டேங்க் உயரத்தில் இருக்கிறது. முழுக்க நிரப்பினால் பெட்ரோல் மட்டுமே 12, 13 கிலோ வரும். அது உயரத்தில் ஆடுவதை முதல் நாளே உணர்வீர்கள்.

அடுத்து உங்கள் அளவு. 5 அடி 3 என்பது தலை உச்சி வரைக்குமான கணக்கு. வண்டிக்கு வேண்டியது கால் நீளம். சுவரில் முதுகை ஒட்டி வெறுங்காலில் நின்று, ஒரு கெட்டி அட்டை நோட்டைக் கால்களுக்கு நடுவில் மேலே முட்டும்வரை தூக்கிப் பிடியுங்கள். அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை வீட்டில் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கு இதில் நான்கு, ஐந்து சென்டிமீட்டர் வித்தியாசம் வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சீட் உயரம் என்று கம்பெனி போடுவது ஆள் உட்காராத வண்டியின் அளவு. நீங்கள் ஏறியதும் ஷாக் அப்சார்பர் கொஞ்சம் அமுங்கும். சஸ்பென்ஷன் நீளமான வண்டியில் இது நன்றாகவே தெரியும். ஹிமாலயனில் முன்னும் பின்னும் அமுங்கி எழ 200 மி.மீ. இடம் இருக்கிறது. அப்புறம் சீட்டின் அகலம். 800 மி.மீ. உயரத்தில் முன்பக்கம் அகலமான சீட், தொடையை விரித்துக் காலைத் தரையிலிருந்து தூரமாக்கிவிடும். 825 உயரத்தில் ஒடுங்கிய சீட்டில் கால் நேராக இறங்கும். அதனால் காகிதத்தில் உள்ள நம்பரை மட்டும் பார்த்து எந்த வண்டியையும் ஒதுக்காதீர்கள்.

இன்னொன்று, இரண்டு காலும் ஊன்ற வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. சிக்னலில் இடுப்பை இடது பக்கம் ஒரு சாண் நகர்த்தி, இடது பாதத்தை முழுசாக ஊன்றி, வலது காலைப் பின் பிரேக்கில் வைத்து நில்லுங்கள். ஒரு பாதம் முழுசாகப் பதிவது, இரண்டு பக்கமும் விரல் நுனியில் நிற்பதைவிடப் பல மடங்கு பத்திரம்.

ஏன் என்று ஒரு கணக்கு சொல்கிறேன். 200 கிலோ வண்டியின் எடை மையம் ஹேண்டில் உயரத்தில் ஏறக்குறைய பாதியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டி 5 டிகிரி சாய்ந்தால் ஹேண்டிலில் நீங்கள் தாங்க வேண்டியது சுமார் 9 கிலோ. 10 டிகிரியில் 17. 20 டிகிரியில் 34. முதல் ஐந்து டிகிரிக்குள் பிடித்துவிட்டால் பள்ளிக்கூடப் பையன்கூடத் தாங்கிவிடுவான். விரல் நுனியில் நிற்பவருக்கு, பாதம் பதிவதற்குள் வண்டி அந்த ஐந்து டிகிரியைத் தாண்டிவிடுகிறது. சிக்கல் அங்கேதான்.

ஹிமாலயனுக்குக் கம்பெனியே 805 மி.மீ. தாழ்வான சீட் தருகிறது. அதைப் போட்டு, நீங்கள் வழக்கமாக அணியும் ஷூவோடு, டேங்க் நிறைந்த வண்டியில் உட்கார்ந்து, பத்தடி பின்னால் தள்ளிப் பாருங்கள். தள்ள முடிந்தால் வாங்குங்கள்.

லோயரிங் லிங்க் போட்டால் மூன்று சென்டிமீட்டர் குறையும் என்கிறார் மெக்கானிக். போடலாமா? - ஓசூர் வாசகர்

எல்லாம் முயன்று பார்த்த பிறகு, கடைசியாக.

பின் சஸ்பென்ஷனை இணைக்கும் துண்டுதான் லிங்க். அதை மாற்றினால் வண்டியின் பின்பக்கம் மட்டும் இறங்கும். முன்பக்கம் அப்படியே நிற்கும். விளைவு, திருப்பும்போது வண்டி மந்தமாகும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணுக்கு ஏறும். இதைச் சரிசெய்ய முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் குழாய்களையும் கிளாம்பில் கொஞ்சம் மேலே ஏற்றிப் பூட்ட வேண்டும். அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி குறையும். நம் ஊர் வேகத்தடைகளை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய பள்ளத்தில் சஸ்பென்ஷன் முழுசாக அமுங்கும்போது பின் டயர் மட்கார்டை உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். செயின் தொய்வையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். வாரண்டி விஷயத்தை முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாரும் மறப்பது சைடு ஸ்டாண்டை. என்னிடம் பழகிய ஒருவர் லிங்க் போட்ட மறுநாள் வந்தார். டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு டம்ளரைக் கையில் வாங்குகிறோம். ஸ்டாண்ட் பழைய நீளத்திலேயே இருந்ததால் வண்டி சாயாமல் விறைப்பாக நின்றது. பக்கத்தில் ஒரு லாரி போன அதிர்வில் மெதுவாக வலது பக்கம் சரிந்தது, எங்கள் கண் முன்னாலேயே. பிரேக் லீவர் ஒடிந்தது, டேங்கில் ஒரு குழி. வண்டி இறங்கிய அளவுக்கு ஸ்டாண்டையும் குறைக்க வேண்டும். அதை நல்ல வெல்டரிடம் கொடுங்கள்.

லிங்குக்கு முன்னால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உயரம் குறைந்தவர்கள் பெரும்பாலும் எடையும் குறைவு. கம்பெனி வைத்திருக்கும் ஸ்பிரிங் இறுக்கம் உங்களுக்குக் கூடுதலாக இருக்கலாம். பின் ஷாக்கின் ப்ரீலோடை, அதாவது அந்த ஸ்பிரிங் இறுக்கத்தை, ஒன்றிரண்டு படி தளர்த்தினால் வண்டி தானாகவே சற்று இறங்கும். ஆள் ஏற்றும்போது பழையபடி இறுக்க மறக்காதீர்கள்.

சீட் ஃபோமை வெட்டிக் குறைக்கச் சொல்லலாமா? - மதுரை வாசகர்

சொல்லலாம், ஆனால் எங்கே வெட்டுவது என்று நீங்கள் பக்கத்தில் நின்று காட்ட வேண்டும். சீட் தைக்கும் கடையில் "இரண்டு இன்ச் குறைங்க" என்று விட்டுவிட்டு வந்தால் நடுவில் குழி தோண்டிவிடுவார்கள். அறுபதாவது கிலோமீட்டரில் பலகையில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும்.

ஷூ போட்டுக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். இரண்டு காலையும் கீழே தொங்கவிட்டு, உள்தொடை சீட்டோடு உரசும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். முதலில் அந்த ஓரங்களை மட்டும் சீவ வேண்டும். உயரத்தில் கை வைக்காமலே கால் கொஞ்சம் இறங்கிவிடும். பலருக்கு அதுவே போதும். உயரத்தையும் குறைத்தாக வேண்டும் என்றால் ஓர் அங்குலத்தோடு நிறுத்தி, மேலடுக்கில் அடர்த்தியான ஃபோம் போடச் சொல்லுங்கள். சீட் முன்பக்கம் சரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டேங்கில் போய் இடிப்பீர்கள். முடிந்தால் இன்னொரு சீட் வாங்கி அதில் வெட்டுங்கள். ஒரிஜினல் சீட் வீட்டில் இருக்கட்டும், வண்டியை விற்கும்போது தேவைப்படும்.

ஹை ஹீல்ஸ் மாதிரி ஷூ? - சென்னை வாசகி

குதிகால் மட்டும் உயர்ந்த ஷூ வேண்டாம், சரளையில் கணுக்கால் பிரளும். அடி முழுக்கத் தடிமனான ரைடிங் பூட்ஸ் போடுங்கள். இரண்டு சென்டிமீட்டராவது கிடைக்கும். போட்டதும் கியர் லீவரைச் சற்று உயர்த்திக்கொள்ளுங்கள்.

என் உயரம் 5 அடி 1. சூப்பர் மீட்டியார் 650-இன் சீட் 740 மி.மீ. தான், இரண்டு காலும் முழுசாக ஊன்றுகிறது. இதைவிடப் பொருத்தமான டூரிங் வண்டி எனக்கு உண்டா? - கோவை வாசகி

நெடுஞ்சாலையில் அருமையான வண்டி. ஆனால் கால் எட்டுவது வேறு, தாங்குவது வேறு. அது 241 கிலோ. சீட் தாழ்வாக இருப்பதால் நேராக நிற்கும்போது எல்லாம் சுலபமாகத் தெரியும். ஹோண்டா கோல்ட்விங்கின் சீட்கூட 745 மி.மீ. தான். எடை 350 கிலோவுக்கு மேல் என்பதால் பின்னால் எடுக்கவே ரிவர்ஸ் வைத்திருக்கிறார்கள். தாழ்வான சீட்டை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு அதைவிட உதாரணம் வேண்டாம்.

நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் வீட்டு வாசல். உள்பக்கமாகச் சரியும் போர்டிகோவில் வண்டியின் மூக்கு உள்ளே இருக்கும்படி நிறுத்தினால், காலையில் 241 கிலோவை மேட்டில் பின்னால் இழுக்க வேண்டும். உள்ளே விடும்போதே திருப்பி நிறுத்த இடம் இருக்கிறதா? இன்னொன்று, கால் வைக்கும் இடமும் ஹேண்டிலும் உங்கள் நீளத்துக்குச் சரிவருமா? இந்த மாதிரி தாழ்வான க்ரூஸர் வண்டியில் ஃபுட்பெக், அதாவது கால் வைக்கும் கட்டை, முன்னால் தள்ளியிருக்கும். ஹேண்டிலை முழுசாகத் திருப்பும்போது வெளிப்பக்கக் கை எட்டாமல் உடம்பை நீட்ட வேண்டியிருந்தால், யு டர்னில்தான் விழுவீர்கள். அரை மணி நேரமாவது டெஸ்ட் ரைடு போய், அதில் நான்கு யு டர்ன் எடுங்கள். கை எட்டவில்லை என்றால் மீட்டியார் 350, அல்லது ஒல்லி உடம்புள்ள ட்ரையம்ப் ஸ்பீட் 400 பக்கம் பாருங்கள்.

கொல்லிமலை ஏறும்போது ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. பிரேக் பிடித்து இடது காலை வைத்தேன், தரையே இல்லாத மாதிரி வண்டியோடு சாய்ந்துவிட்டேன். அடி ஒன்றும் இல்லை, ஆனால் இப்போது மலை என்றாலே பயம். - நாமக்கல் வாசகர்

உங்கள் பயம் எனக்கு நன்றாகப் புரிகிறது. எனக்கும் இதே போல் நடந்திருக்கிறது. வால்பாறை ஏறும்போது, இடது பக்கம் மடியும் ஒரு கொண்டை ஊசி வளைவில். காலை நீட்டியபோது தரை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்று. அந்த அரை நொடி இன்னும் நினைவிருக்கிறது.

உங்கள் காலைக் குறை சொல்லாதீர்கள். இடது வளைவில் நாம் போவது உள்பக்கம். அங்கே சாலை இடது பக்கமாகச் சரிந்து இறங்கும், ஏற்றமும் அங்கேதான் செங்குத்து. அதனால் இடது பக்கத் தரை வழக்கத்தைவிட நாலைந்து அங்குலம் கீழே போய்விடும். ஆறடி ஆள்கூடத் தடுமாறுகிற இடம் அது. நின்றே ஆக வேண்டும் என்றால் மேடான பக்கம், அதாவது வலது காலை ஊன்றுங்கள். பின் பிரேக் கிடைக்காது, முன் பிரேக்கை விடாமல் பிடித்திருங்கள். கிளட்ச் கடிக்கும் இடம் வந்ததும் பிரேக்கை மெல்ல விட்டுக் கிளம்புங்கள்.

அதைவிட முக்கியம், வளைவுக்குள் நிற்காமலே இருப்பது. கொல்லிமலையில் 70 வளைவு. பஸ் திரும்பும்போது சாலை முழுசும் அதற்குத்தான். வளைவுக்கு இரண்டு மூன்று வண்டி நீளத்துக்கு முன்னாலேயே வேகம் குறைத்து ஹாரன் அடியுங்கள். மேலே இன்ஜின் சத்தம் கேட்டால் அங்கேயே, சமமான இடம் பார்த்து நில்லுங்கள். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, ஆனால் அந்த இடத்தில் அதைப் பேசிப் பயனில்லை. பஸ் போனதும் முதல் கியரில், பின் பிரேக்கை லேசாகத் தொட்டபடி, வளைவின் முடிவைப் பார்த்து ஏறுங்கள்.

வண்டி இனிக் கையில் நிற்காது என்று தெரிந்தால் பிடித்து இழுக்காதீர்கள். விட்டுவிட்டு நகருங்கள். லீவர் ஒடிந்தால் மாற்றிக்கொள்ளலாம். திரும்பத் தூக்கும்போது சாவியை அணைத்து, கியரில் போட்டு, வலது பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை விரித்து வைத்துவிட்டு, சீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலால் பின்னோக்கி உந்தித் தூக்குங்கள். இடுப்பைக் கொடுத்துக் குனிந்து தூக்கினால் வலி ஒரு மாதம் இருக்கும்.

மனைவியும் லக்கேஜும் சேர்ந்தால் ஏறி இறங்குவதே பெரும்பாடு. - திருநெல்வேலி வாசகர்

பின் சீட்டுக்குப் பின்னால் டாப் பாக்ஸ் என்கிற சாமான் பெட்டி இருந்தால் காலைப் பின்னால் வீசாதீர்கள். முழங்காலை மடக்கி, சீட்டின் முன்பாகத்துக்கு மேலே நுழைத்துப் போடுங்கள். நீங்கள் உட்கார்ந்து, வண்டியை நிமிர்த்தி, முன் பிரேக்கைப் பிடித்து "சரி" என்று சொன்ன பிறகுதான் அவர் ஏற வேண்டும். இறங்கும்போது அவர் முதலில். கனமான சாமானைப் பக்கப் பைகளின் அடியில் வையுங்கள், டாப் பாக்ஸில் துணி மட்டும் போதும். அவர் ஏறியதும் வண்டி அமுங்கி உங்கள் கால் இன்னும் நன்றாகப் பதியும், அந்த மட்டும் லாபம்.

வயது 54, உயரம் 5 அடி 4. கவாசாகி வெர்சிஸ் 650, ஹோண்டா என்எக்ஸ் 500 இரண்டில் எது? - புதுச்சேரி வாசகர்

என்எக்ஸ் 500. சீட் 830 மி.மீ., எடை 196 கிலோ. வெர்சிஸ் 845, 219 கிலோ. ஒன்றரை சென்டிமீட்டர் பெரிய விஷயமில்லை, 23 கிலோதான் விஷயம். இழுவை வெர்சிஸில் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் நாள் முழுக்க ஓட்டிவிட்டு, இருட்டில், லாட்ஜ் வாசலில் ஈர மணலில் வண்டியைத் திருப்புகிற அந்தக் கடைசி ஐந்து நிமிஷத்தை மனதில் வைத்துத்தான் 54 வயதில் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். இரண்டையும் மாலை நேரத்தில், வேலை முடிந்து களைத்திருக்கும்போது டெஸ்ட் ரைடு கேளுங்கள்.