கார்ல்சன் மேல் உள்ள பிரியத்தில் மகனுக்கு 'மேக்னஸ்' என்று பெயர் வைக்கலாமா? அந்தப் பெயரின் கதை என்ன?

நீங்கள் நார்வே செஸ் வீரர் மேக்னஸ் கார்ல்சனின் ரசிகர், பையன் பிறந்தால் மேக்னஸ் என்று வைக்க ஆசை, ஆனால் வீட்டில் பெரியவர்கள் "இதென்ன பேரு, நம்ம வம்சத்துல இல்லாத பேரு" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சிரித்துவிட்டேன். அந்தப் பெயரை முதன்முதலாக நார்வேயில் ஒரு குழந்தைக்கு வைத்தபோது, குழந்தையின் அப்பா சொன்னதும் கிட்டத்தட்ட இதே வசனம்தான். அவர் ராஜா வேறு. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய அந்தக் கதையைச் சொல்கிறேன். வீட்டில் வாதாட உதவும்.

முதலில் பொருள். மேக்னஸ் என்பது லத்தீனில் 'மாக்னுஸ்' என்ற சொல், 'பெரிய' என்று அர்த்தம். சம்ஸ்கிருத 'மகா'வும் லத்தீன் 'மாக்னுஸ்'ஸும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்த சொற்கள். பாட்டியிடம் "மகாதேவன், மகாலிங்கம் மாதிரிதான் பாட்டி" என்று சொன்னால் அது பொய் இல்லை.

சரி, லத்தீன் சொல் எப்படி ஸ்காண்டிநேவியப் பெயர் ஆயிற்று? இதை ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரி ஸ்துர்லுசொன் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய நார்வே அரசர் வரலாற்றில் சொல்கிறார். நார்வே அரசன் ஓலாவ் ஹரால்ட்சொன், பின்னாளில் புனித ஓலாவ் என்று கும்பிடப்பட்டவர். அவருக்கும் அரண்மனைப் பணிப்பெண் ஆல்ஃபில்டுக்கும் 1024 வாக்கில் ஒரு குழந்தை பிறக்கிறது. நள்ளிரவு. சுற்றிச் சில பெண்கள், ஒரு பாதிரியார், சிக்வாத் என்ற அரசவைக் கவிஞர், இன்னும் ஒன்றிரண்டு பேர். பிறந்த குழந்தைக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்பதே கொஞ்ச நேரம் தெரியவில்லை. அப்புறம் மெலிதாக மூச்சு வருகிறது. இது தங்காது, உடனே ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும், போய் ராஜாவை எழுப்பு என்கிறார் பாதிரியார். சிக்வாத் மறுக்கிறார். தானாக விழிக்கும்வரை யாரும் எழுப்பக்கூடாது என்பது ராஜாவின் கட்டளை. "அவரை எழுப்புவதைவிட நீங்கள் ஞானஸ்நானம் கொடுத்துவிடுவதே மேல். பழியை நான் ஏற்கிறேன், பெயரும் நானே வைக்கிறேன்" என்கிறார். மாக்னுஸ் என்று வைக்கிறார்.

காலையில் ராஜா எழுகிறார், விஷயம் போகிறது, சிக்வாத்தை இழுத்து வரச் சொல்கிறார். எனக்குத் தெரியாமல் என் பிள்ளைக்கு ஞானஸ்நானம் செய்ய உனக்கு என்ன துணிச்சல்? கவிஞர் அசரவில்லை. சாத்தானுக்கு ஒருவனைக் கொடுப்பதைவிடக் கடவுளுக்கு இரண்டு பேரைக் கொடுப்பது மேல் என்று நினைத்தேன் என்கிறார். ஞானஸ்நானம் பெறாமல் செத்தால் குழந்தை சாத்தானுக்குப் போயிருக்கும், இப்போது அது கடவுளின் பிள்ளை. இதற்காக நீங்கள் என்னைக் கொன்றாலும் நானும் கடவுளிடம்தான் போவேன், ஆக இரண்டு. ராஜாவுக்குக் கோபம் கொஞ்சம் இறங்குகிறது. அடுத்த கேள்விதான் உங்கள் வீட்டுக் கேள்வி: அதென்ன மாக்னுஸ், அது எங்கள் குலத்துப் பெயர் இல்லையே?

"கார்லா மாக்னுஸ் ராஜாவின் பெயரை வைத்தேன். உலகத்திலேயே சிறந்த மனிதர் அவர்தான் என்று எனக்குத் தெரியும்."

கார்லா மாக்னுஸ் என்பது 814இல் இறந்த பிராங்கியப் பேரரசர், ஆங்கில வழியில் நாம் சார்லமேன் என்று படித்தவர். அவருடைய பெயர் வெறும் கார்ல். 'மாக்னுஸ்' என்பது பட்டம். அதாவது நம் கவிஞர் பெயரை விட்டுவிட்டுப் பட்டத்தைப் பிள்ளைக்குச் சூட்டிவிட்டார். அசோகச் சக்கரவர்த்தி மேல் உள்ள மதிப்பில் ஒருவர் தன் மகனுக்குச் சக்கரவர்த்தி என்று வைப்பது மாதிரி. தெரிந்தே செய்தாரா, அவசரத்தில் வாய்க்கு வந்ததா என்று ஆளுக்கொரு பக்கம் பேசுவார்கள். தெரிந்தே செய்திருப்பார் என்பது என் கட்சி. அப்படிப் பதில் சொல்லக்கூடிய ஆளுக்குப் பெயர் எது, பட்டம் எது என்று தெரியாமலா இருக்கும்?

மீதிப் பாதியும் வீணாகப் போகவில்லை. கார்ல் என்ற பெயர் கிழக்கே போய் ஸ்லாவிய மொழிகளில் 'அரசன்' என்ற சொல்லாகவே மாறிவிட்டது. போலந்து மொழியில் க்ரூல், ரஷ்ய மொழியில் கரோல், பக்கத்து ஹங்கேரியில் கிராய். இப்படி ஒரே மனிதரின் பெயர் கிழக்கே பட்டமாகவும் பட்டம் வடக்கே பெயராகவும் ஆயிற்று.

இப்போது உங்கள் நாயகனின் பெயரைப் பாருங்கள். மாக்னுஸ் கார்ல்சன். கார்ல்சன் என்றால் கார்லின் மகன். சிக்வாத் பிரித்துப் போட்ட இரண்டு பாதியும் நார்வேயின் தோன்ஸ்பர்கில் 1990இல் பிறந்த பையனிடம் மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வேண்டுமென்றே வைத்ததாக இருக்காது. கார்ல்சன் அங்கே சாதாரணக் குடும்பப் பெயர். அவருடைய அப்பா பெயர் ஹென்ரிக், கார்ல் இல்லை. முழுப்பெயரில் முதலில் வருவது ஸ்வென் என்பது இன்னொரு வேடிக்கை. அதை வைத்து யாரும் கூப்பிடுவதில்லை.

அந்த முதல் குழந்தை பிழைத்ததா என்று கேட்பீர்கள். பிழைத்தது. 1030இல் அப்பா ஸ்திக்லஸ்தாத் போர்க்களத்தில் தன் நாட்டு விவசாயிகளின் படையிடமே தோற்றுச் செத்தார். பையன் கீவ் நகரத்து அரசன் யாரொஸ்லாவின் அரண்மனையில் வளர்ந்து, 1035இல் பத்துப் பதினோரு வயதில் திரும்பி வந்து ராஜாவானான். ஆனவுடன் அப்பாவைக் கொன்றவர்களைப் பழிவாங்கத் தொடங்கினான். நிலத்தைப் பிடுங்குவது, ஆடு மாடுகளை வெட்டுவது. ஊர் கொதித்தது. ராஜாவிடம் யார் போய்ச் சொல்வது என்று நண்பர்கள் சீட்டுப் போட்டார்கள். சீட்டு சிக்வாத்துக்கு விழும்படி பார்த்துக்கொண்டார்கள் என்று ஸ்னோரி ஒளிக்காமல் எழுதுகிறார். பெயர் வைத்த கிழவரே போய்ப் பாட்டாகச் சொன்னார்: உன் குடிகளின் மாட்டை வெட்டச் சொல்லி உன்னைத் தூண்டுவது யார்? 'ஒளிக்காமல் சொன்ன பாட்டு' என்ற பொருளில் அதற்குப் பெயர் பெர்ஸோக்லிஸ்வீசுர். புறநானூற்றில் செவியறிவுறூஉ என்று ஒரு துறை உண்டே, அதே வேலை. பையன் கேட்டுக்கொண்டான். சட்டங்களை எழுதிவைக்கச் செய்தான். 'நல்ல மாக்னுஸ்' என்ற பெயர் நின்றது. 1042இல் டென்மார்க்கும் அவன் கைக்கு வந்தது. 1047இல் இளவயதிலேயே இறந்துபோனான்.

குலத்தில் இல்லாத பெயர் அதற்கப்புறம் குலப்பெயரே ஆகிவிட்டது. நார்வேயில் மட்டும் ஏழு மாக்னுஸ் ராஜாக்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் அங்கேயும் பலமாக இருந்தது (நம் 'பேரன்' என்ற சொல்லே பெயரன்தானே). அதனால் ஒரு தடவை உள்ளே நுழைந்த பெயர் வெளியே போகாது. வெறுங்கால் மாக்னுஸ் 1103இல் அயர்லாந்தில் சண்டையில் செத்தவர். குருட்டு மாக்னுஸை 1135இல் எதிரிகள் பிடித்துக் கண்ணைப் பிடுங்கி, காலையும் வெட்டி மடத்தில் தள்ளினார்கள். 'பெரிய' என்று பெயர் வைத்தால் பெரிய வாழ்வு வரும் என்பதற்கெல்லாம் உத்தரவாதம் கிடையாது.

இவர்களில் எனக்குப் பிடித்தவர் ஆறாவது மாக்னுஸ், சட்டம் திருத்திய மாக்னுஸ். 1274 வரை நார்வேயில் வட்டாரத்துக்கு ஒரு சட்டம். மேற்குக் கரையில் ஒன்று, திரொண்ட்ஹைம் பக்கம் இன்னொன்று. இவர் எல்லாவற்றையும் சேர்த்து நாடு முழுக்க ஒரே சட்டமாக்கினார். நான் நார்வேயின் பெர்கன் நகரத்தில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். அங்கே பல்கலைக்கழகச் சட்டத்துறை இருக்கும் இடத்தின் பெயரே மாக்னுஸ் லாகபோத்தர் ('சட்டம் திருத்தியவர்') சதுக்கம். தினமும் அந்தப் பக்கம் நடந்துபோயும் அது ராஜா பெயர் என்று ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. யாரோ வக்கீல் என்று நினைத்திருந்தேன். பாதிச் சரிதான். ஸ்வீடனிலும் இப்படி ஒருவர் உண்டு, மாக்னுஸ் லாதுலோஸ். 'களஞ்சியப் பூட்டு' என்று பட்டப்பெயர். வழியில் போகும் பிரபுக்கள் விவசாயி வீட்டில் புகுந்து ஓசியில் தின்றுவிட்டுப் போவதைத் தடுத்தாராம், விவசாயியின் களஞ்சியத்துக்குப் பூட்டுப் போட்டவர் என்று மக்கள் சொன்னார்களாம்.

ராஜாவாக இல்லாத மாக்னுஸ் ஒருவரையும் சொல்லியாக வேண்டும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகள் அப்போது நார்வேயின் கீழ் இருந்தன. அங்கே பிரபுக் குடும்பத்து இளைஞன் மாக்னுஸ் எர்லெண்ட்சொன். 1098இல் வெறுங்கால் மாக்னுஸ் ராஜா அவனைப் படையில் சேர்த்து வேல்ஸ் கடற்கரைக்கு இழுத்துப்போனார். சண்டை தொடங்கியதும் இவன், எனக்கு இங்கே யாரோடும் பகை இல்லை என்று சொல்லிவிட்டு, அம்பு பறக்கும் கப்பல் தளத்திலேயே உட்கார்ந்து பைபிளின் சங்கீதப் பாடல்களைப் பாடினான். பிற்பாடு ஆர்க்னியைத் தன் உறவினன் ஹாக்கொனோடு சேர்ந்து ஆண்டான். மனத்தாங்கல் வந்தது. 1117 வாக்கில், எகில்சே என்ற குட்டித் தீவில் சமாதானம் பேசுவோம், ஆளுக்கு இரண்டு கப்பல் என்று ஒப்பந்தம். மாக்னுஸ் இரண்டோடு வந்தான். ஹாக்கொன் எட்டோடு வந்தான். மாக்னுஸை வெட்டும்படி ஹாக்கொனின் கொடி பிடிக்கிறவனிடம் சொன்னார்கள், அவன் மறுத்துவிட்டான். கடைசியில் சமையல்காரனிடம் சொன்னார்கள், அவன் அழுதான். மாக்னுஸ் அவனைத் தேற்றி, திருடனுக்குச் செய்வது போல் கழுத்தை வெட்டாதே, எதிரே நின்று தலையில் அடி என்றானாம். இது பழைய ஐஸ்லாந்துக் கதை சொல்வது. கர்க்வால் ஊரில் அவன் பெயரில் 1137இல் கட்டத் தொடங்கிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. 1919இல் அதன் தூண் ஒன்றுக்குள் ஒரு மரப்பெட்டி கிடைத்தது. உள்ளே எலும்புகள். மண்டையோட்டில் வெட்டு.

அயர்லாந்துக்காரர்கள் வைக்கிங்குகளிடமிருந்து இந்தப் பெயரை வாங்கி மானுஸ் ஆக்கினார்கள். மெக்மானஸ் என்ற குடும்பப் பெயர் அதன் மிச்சம். டென்மார்க்கில் அது தேய்ந்து மோகன்ஸ். தமிழ் எழுத்தில் பார்த்தால் நம்ம ஊர் ஆள் மாதிரி இருக்கும்.

ஐஸ்லாந்தில் குடும்பப் பெயர் வழக்கம் பெரும்பாலும் இல்லை, அப்பா பெயரோடு மகன், மகள் என்று சேர்த்துக்கொள்வார்கள். நம் இனிஷியல் மாதிரி. பிபிசி வினாடி வினா நிகழ்ச்சி நடத்திப் புகழ்பெற்ற மாக்னுஸ் மாக்னுசொன் ரெய்க்யவீக்கில் 1929இல் பிறந்தவர். அவருடைய அப்பா பெயர் சிகுர்ஸ்தெய்ன். ஊர் வழக்கப்படி மகன் மாக்னுஸ் சிகுர்ஸ்தெய்ன்சொன். ஆனால் வளர்ந்தது ஸ்காட்லாந்தில், அங்கே அப்பாவின் கடைசிப் பெயரே பிள்ளைக்கும் வரும். அதனால் மாக்னுஸ் மாக்னுசொன், அதாவது தாத்தாவின் மகன் ஆகிப்போனார். இதில் எனக்குத் தனி அனுதாபம் உண்டு. பெர்கனில் என் பாஸ்போர்ட்டைப் பார்த்து அலுவலக மின்னஞ்சல் உருவாக்கியவர்கள் அப்பா பெயரை எனக்கு வைத்துவிட்டார்கள். முதல் மாதம் முழுக்க எல்லாரும் அப்பாவைத்தான் மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள்.

அந்த மீட்டிங்கில்தான் நான் பதிலுக்கு மானத்தை வாங்கிக்கொண்டேன். எங்கள் குழுவில் இரண்டு மாக்னுஸ். நான் நம் பேப்பரில் படித்த பழக்கத்தில் "மேக்னஸ்" என்றேன். இருவரில் ஒருவரும் திரும்பவில்லை. அப்புறம் ஒருவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்: மங்னுஸ். நார்வேக்காரர்கள் அந்த 'க்ன'வை 'ங்ன' என்றுதான் சொல்வார்கள், சிக்னலைக்கூட சிங்னால் என்பார்கள். அங்ஙனம் இங்ஙனம் என்று சொல்லத் தெரிந்த நமக்கு அந்த ங் ஒரு கஷ்டமே இல்லை, ஆனால் யாராவது சொன்னால்தானே தெரியும்.

இந்தப் பெயர் நமக்கு அறிமுகமானதும் சென்னையிலேயே. 2013 நவம்பரில் உலகப் பட்டத்தை ஆனந்திடமிருந்து கார்ல்சன் 6.5–3.5 என்று வாங்கிப்போனது இங்கேதான். ஒன்பதாவது ஆட்டத்தில் கார்ல்சனின் சிப்பாய் புதிதாக ராணியாகி நிற்க, ஆனந்த் குதிரையை எஃப்1-இல் வைத்தார். அந்தப் புது ராணி இ1-க்கு வந்தது, ஆனந்த் அத்தோடு ஆட்டத்தை விட்டுவிட்டார். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. எனவே அந்தப் பெயரைச் சென்னைப் பிள்ளைக்கு வைப்பதில் எனக்கு லேசாக ஒரு வருத்தம் உண்டு, மறைப்பானேன். பிற்பாடு பிரக்ஞானந்தாவும் குகேஷும் நார்வேயின் ஸ்தவாங்கருக்கே போய் அவரைத் தோற்கடித்துக் கொஞ்சம் ஈடுகட்டினார்கள். குகேஷிடம் தோற்ற கையோடு அவர் மேசையில் ஓங்கிக் குத்தியதைப் பார்த்திருப்பீர்கள்.

ஆக, வைக்கலாமா? தாராளமாக வையுங்கள். வம்சம் பற்றிக் கேட்டால் சிக்வாத்தின் பதிலைச் சொல்லுங்கள். எனக்கு இருக்கும் ஒரே கவலை வேறு. ஸ்வீடன்காரர்கள் இதைச் சுருக்கி மோன்ஸ் ஆக்கினார்கள், அது கடைசியில் அங்கே ஆண் பூனைக்கு வைக்கும் பெயராகவும் ஆயிற்று. உங்கள் வீட்டில் யாரும் மேக்னஸ் என்று முழுசாகக் கூப்பிடப் போவதில்லை. சுருக்குவார்கள். எப்படிச் சுருக்கினாலும் 'மக்கு' பக்கத்தில்தான் வந்து நிற்கும். பள்ளிக்கூடத்துப் பையன்கள் அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம்கூட ஆகாது. செல்லப்பெயர் ஒன்றை இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.